நாலு பாய் நெத்தலி

வந்தவர்கள்: காரியாதிகாரி ஐயா, அவரோடு கந்தோரிலிருந்து ஒரு எழுதுவினைஞர், புதிதாக நியமனமான மருத்துவிச்சி, அம்மன் கோயில் ஐயர், கரைவலைச் சொந்தக்காரர் சம்மாட்டியார், பெண்கள் சங்கத்தின் எட்டுப் பேர். வராதவர்: என் மச்சாள். காரணம் அறிவிக்கவில்லை.

சல்லி என்கிற எங்கள் கடற்கரை ஊரில் பிரசவ அறை திறந்த அன்று சங்கத்துக் கொப்பியில் நான் எழுதியது இது. கையெழுத்து அழகாகத்தான் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், எஸ்.எஸ்.ஸி. பாஸ். சங்கத்துக்குக் கணக்கப்பிள்ளை, கடிதக்காரன் எல்லாம் நானே. மச்சாள் என் அண்ணனின் பெண்சாதி. கையெழுத்துப் போடத் தெரியாது, பெருவிரல்தான். சங்கத்துக்குத் தலைவி அவர். அந்த ஒரு விஷயத்தை நான் எவ்வளவு காலம் மனதுக்குள் வைத்து அரைத்தேன் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

மச்சாளின் முதல் பிள்ளை நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் மாட்டுவண்டிக்குள் பிறந்து, வண்டிக்குள்ளேயே அடங்கிப்போனது. அதன்பிறகுதான் ஊருக்கு ஒரு மருத்துவிச்சி வேண்டுமென்ற கதை எழுந்தது. நான் மனு எழுதினேன். மூன்று மனு. ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சிறந்த தமிழ். மூன்றுக்கும் ஒரே பதில்: கட்டிடம் இல்லாத இடத்துக்கு மருத்துவிச்சியை அனுப்ப இயலாது. மூன்றாவது பதிலைக் கரையிலிருக்கும் மீன் வாடிக் கொட்டிலுக்குள் வைத்து நான் வாசித்தபோது சங்கத்துக் கிழவி ஒருத்தி, "படிச்ச பொடியன் மூண்டு கடுதாசி எழுதினான். ஒரு ஈகூட வரேல்ல" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். மச்சாள் சிரிக்கவில்லை. "தம்பி, அந்தக் கட்டிடம் எண்ட இடத்தை இன்னொருக்கா வாசியுங்கோ" என்றார்.

அடுத்த கிழமை எட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு காரியாதிகாரியின் அரசாங்கக் கந்தோருக்குப் போனார். என்னையும் அழைத்தார், கொப்பி தூக்க. "ஐயா, கட்டிடம் இல்லையெண்டுதானே சொல்லுறியள்? கட்டிப்போட்டு வாறம். அப்ப ஆளைத் தருவியளோ?" என்று கேட்டார். காரியாதிகாரி சிரித்துவிட்டு, "ஓம், தாறன்" என்றார். அவ்வளவுதான். நான் மூன்று முறை வாசித்த பதிலில் அவர் ஒரே தரத்தில் வழியைக் கண்டுவிட்டார். வாசித்தவன் நான், விளங்கியவர் அவர். அன்று பஸ்ஸில் நான் பின் இருக்கையில் தனியே இருந்து வந்தேன்.

பிறகு பொதுப்பாய் என்று ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். கரைவலை இழுத்து, நெத்தலியைப் பாய்களில் பரப்பும்போது, ஒவ்வொரு பெண்ணும் தன் பங்கிலிருந்து இரண்டு கை அள்ளி நடுவிலிருக்கும் ஒரு பாயில் போட வேண்டும். அந்தப் பாயின் கருவாடு விற்ற காசு அறைக்கு. ஒரு நாளும் அவர் யாரையும் கேட்டதில்லை. தன் இரண்டு கையை முதலில் போட்டுவிட்டு நிற்பார், மற்றவர்கள் போட்டார்கள். இரண்டு வருஷத்தில் சுவர் எழும்பி, ஓடு ஏறியது.

திறப்பு விழா நிகழ்ச்சி நிரலை எழுதியவன் நான். "விளக்கு ஏத்துறது உங்கட மச்சாள்தானே?" என்று கிழவி கேட்டாள். "அது பெரிய ஆக்கள் ஏத்துவினம், ஆச்சி" என்றேன். மச்சாள் அருகில்தான் நின்றார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "ஓம், வலையில நல்ல மடி மீன் விழுந்திருக்கு. ஒன்பது பேரின்ட பாயும் வெயில்ல கிடக்குது. ஆரும் ஒராள் பாக்கத்தானே வேணும், நான் நிக்கிறன். நீங்கள் எல்லாரும் சீலை மாத்திப் போங்கோ" என்றார்.

அவர் விழாவுக்கு வரமாட்டார் என்றதும் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

பின்னேரம் என் உரை. ஐந்து பக்கம். மூன்றாம் பக்கத்தில் என் மூன்று மனுக்களும் வருகின்றன. இரண்டாம் பக்கத்திலேயே மேற்கே கறுக்கத் தொடங்கியது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கிழவி எழும்பினாள். "கொஞ்சம் பொறுங்கோ ஆச்சி, முடியப்போகுது" என்றேன். படித்தவன் சொல்கிறான் என்று இருந்துவிட்டாள். நான் முதலாம் மனுவை விவரித்தேன். இரண்டாம் மனுவையும் விவரித்தேன். மூன்றாவதுக்கு வரும்போது ஓட்டில் மழை விழுந்தது.

எல்லாரும் கரைக்கு ஓடினோம். மச்சாள் தனியாக, கடைசிப் பாயின் நாலு மூலையையும் கூட்டிப் பிடித்து, வாடிக்குள் இழுத்துக்கொண்டிருந்தார். வானம் கறுத்தபோதே தொடங்கியிருக்கிறார்; பொதுப்பாய் முதலில் உள்ளே போயிருந்தது. பிறகு மற்ற எட்டுப் பேரின் பாய்கள், ஆளுக்கு நாலு. ஒன்றுகூட நனையவில்லை. மச்சாளின் பங்கான எங்கள் வீட்டுப் பாய்கள் நாலும்தான் வெளியே கிடந்தன. அவற்றில் தண்ணீர் தேங்கி நெத்தலி மிதந்தது. அவர் மணலில் இருந்து மூச்சு வாங்கினார். என்னைக் கண்டு, "தம்பி, பேச்சு நல்லா நடந்ததோ?" என்றார். குத்திக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். அதைத்தான் என்னால் தாங்க ஏலாமல் போனது. அன்றிரவே கொப்பியில் 'காரணம் அறிவிக்கவில்லை' என்று எழுதினேன்.

போன மாதம் என் மகள் அந்த அறையில் பிறந்தாள். வெளியே நின்ற என்னிடம் வழியில் போன ஒருவர், "உங்கட மச்சாளின்ட அறையிலயோ?" என்று கேட்டார். ஊரில் அதற்கு அதுதான் பெயர். மகள் பிறந்த சந்தோஷத்துக்குள்ளும் அது சுருக்கென்றது, மறைப்பதற்கில்லை. பிள்ளையை முதலில் வாங்கியவர் மச்சாள். துணியை விலக்கி, விரல்களை ஒவ்வொன்றாக எண்ணினார். பத்தும் எண்ணி முடிந்தபின்தான் என்னிடம் தந்தார். அந்த மாட்டுவண்டியை நான் அப்போதுதான் நினைத்தேன்.

இப்போது சங்கத்தின் வரலாற்றை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள் சங்கத்துப் பெண்கள், தங்கள் விழாவில் வாசிக்க. கொப்பியை எடுத்தேன். மூன்று சொல்லை வெட்டினேன், திருத்தி எழுதினேன்.

வராதவர்: தலைவி. காரணம்: எல்லாருடைய பாய்க்கும் காவல். என் பேச்சு நீண்டதால் அவருக்கு ஏற்பட்ட சேதம்: நாலு பாய் நெத்தலி.