இரண்டு தரம் மின்னும் குண்டு

வகுப்பில் மற்றப் பிள்ளைகள் டைனோசரையும் எரிமலையையும் தட்டிக்கொண்டு போய்விட, பேசுவதற்கு என் தலையில் விழுந்தது அணுகுண்டின் வெளிச்சம். ஆகாயத்தில் வெடிக்கும் அணுகுண்டு இரண்டு தரம் மின்னுமாம். முதல் மின்னல் கண் சிமிட்டும் முன்பே முடிந்துவிடும். கொதிக்கும் காற்று நெருப்பை மறைக்க, சற்று மங்கும். பிறகு நின்று எரியும் இரண்டாவது வெளிச்சம். வானில் சுற்றும் செய்மதிகள் அதை வைத்தே அணுகுண்டை அடையாளம் கண்டுவிடும். இதை நடித்துக் காட்ட எனக்கு ஒரு டோர்ச் லைற்றும் ஓர் ஆளும் தேவைப்பட்டன.

ஆள், மாமா. அம்மாவின் தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, பிரெஞ்சு பேசும் இந்த ஊரில் எங்களோடு தங்கி, ஜான்-டலோன் சந்தையில் தக்காளிப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார். எதற்கும் பகிடி விடுகிற மனிதர். வகுப்பில் பிழைவிட்டால் என் மானம் கப்பலேறிவிடும் என்று, முதல் நாள் பின்னேரம் திரைச்சீலையை இழுத்து மூடி அவருக்கு ஒத்திகை வைத்தேன்.

"டக்கெண்டு அடிச்சு, கையால மூடி, பேந்து ஆறுதலாத் திறக்கோணும் மாமா."

அடித்தார், மூடினார். மூடியபடியே நின்றார்.

"எல்லாக் குண்டும் இப்பிடித்தானோ?"

"இல்லை. மற்றதுகள் ஒருக்காத்தான் மின்னும்." அந்த மற்றதுகளுக்குப் பிரெஞ்சுப் புத்தகத்தில் ஒரு நீளமான பெயர் இருந்தது. எனக்கு வாய்த்த தமிழில் சொன்னேன்: "அதெல்லாம் சாதாரண குண்டு."

"எங்கட வீட்டில விழேக்க ஒருக்காத்தான் மின்னினது" என்றார் மாமா.

அவர் கதிர்வீச்சுக்குப் பயப்படுகிறார் என்று நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது. "அப்ப அது சாதாரணம்தான் மாமா, பயப்பிடாதேங்கோ" என்று தேற்றினேன்.

அம்மா சமையலறையிலிருந்து வந்து விளக்கைப் போட்டார். "காணும், போய் முகத்தைக் கழுவு."

"விடுங்கோ அக்கா, பிள்ளை சரியாத்தானே சொல்லுது" என்றார் மாமா.

மறுநாள் வகுப்பில் ஒரு பிழையும் விடாமல் செய்தார். பிள்ளைகள் கைதட்ட, ஆசிரியை 'மெர்சி' சொல்லிக் கைகுலுக்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமா மெதுவாகக் கேட்டார்.

"அப்ப சாதாரண குண்டில அந்த நடு இருட்டு இல்லை, என்ன?"

"இல்லை."

"ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட நேரம் இருக்காது?"

"நேரமே இருக்காது மாமா" என்றேன், சரியான விடை சொல்கிற பெருமையோடு.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், இறங்கும்வரை விடவில்லை. எனக்கு ஒரு மச்சாள், மாமாவின் மகள், இருந்தாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.