வரப்போகிற கார்டும் அப்பாவின் கண்ணும்

இன்னும் வெளிவராத கணினிச் சாமான்களுக்காகக் காத்திருக்கிற கூட்டம் ஒன்று உலகம் முழுக்க இருக்கிறது. எனக்குத் தெரிந்து யாழ்ப்பாணத்து அரியாலையில் அதில் நான் ஒருவன்தான்.

என் தொழில் அப்படி. வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆட்கள் ஊரில் வீடு கட்ட முதல், அந்த வீட்டை நான் கணினிக்குள் கட்டி, வெயில் விழுத்தி, வாசலில் ஒரு தேமா மரமும் வைத்து, உண்மையான போட்டோ போலப் படமாக்கி அனுப்புவேன். அதற்குக் கணினிக்குள்ளே கிராபிக்ஸ் கார்ட் என்று ஒரு துண்டு நன்றாக வேலை செய்யவேண்டும். என்னிடம் இருந்தது கிழடு. ஒரு வீட்டின் முன்பக்கம் படமாக வருவதற்குள் அம்மா சமைத்து, நாங்கள் சாப்பிட்டு, கோப்பைகளும் கழுவிக் கவிழ்த்தாகிவிடும். அதன் காற்றாடி போடுகிற இரைச்சலைக் கேட்டுவிட்டு, நாங்கள் இடிக்கிற மெசின் வாங்கிவிட்டோம் என்று நினைத்த அடுத்த வீட்டு அக்கா ஒருநாள் வறுத்த மிளகாயோடு படலைக் கதவடியில் வந்து நின்றார்.

புதிதாக ஒன்று வாங்கியிருக்கலாம். ஆனால் வாங்குவோம் என்று நான் முடிவெடுக்கிற போதெல்லாம் இணையத்தில் ஒரு கதை கிளம்பும். அதைக் கிளப்புகிறவர் பெரும்பாலும் பூனைப் படம் போட்ட ஒருவர். பெயரில்லை, ஊரில்லை. "பனிக்காலத்துக்கு முன்னர்" என்று ஒரு வரி எழுதுவார். எந்த நாட்டுப் பனிக்காலம், எந்த வருடத்துப் பனிக்காலம் என்று சொல்லமாட்டார். உடனே ஆயிரம் பேர் கூடி அந்த வரிக்குப் பொருள் சொல்வார்கள். புது கார்ட் வருகிறது, இப்போதிருப்பதைவிட இரண்டு மடங்கு வேகம், வந்த கையோடு பழையதின் விலை விழும் என்பார்கள். பிறகு ஒரு பெட்டியின் மூலை தெரிகிற மங்கல் படம் ஒன்று வரும். நானும் வாங்குகிற எண்ணத்தைத் தள்ளிவைப்பேன்.

வீட்டில் இதை ஒரு சதத்துக்கும் நம்பாதவர் அப்பா. அப்பா கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். போர் நடந்த பொருளாதாரத் தடைக் காலத்தில், கப்பல் வருகுதாம், மண்ணெண்ணெய் வருகுதாம், உடுப்புத் தோய்க்கிற சவுக்காரம் வருகுதாம் என்று யாழ்ப்பாணத்தில் உலாவிய கதையெல்லாம் அவருடைய மேசைக்கு முன்னால் வந்து நின்றுதான் போயிருக்கிறது. எந்தக் கதைக்கும் அவரிடம் ஒரே கேள்விதான்.

"கண்டவன் சொன்னதோ, கேட்டவன் சொன்னதோ?"

"ஒருத்தர் எழுதியிருக்கிறார் அப்பா."

"ஆரவர்?"

"பேர் தெரியாது. பூனைப் படம் போட்டிருக்கிறார்."

"பூனை," என்றார் அப்பா. தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். "மா இல்லாமல் சனம் காய்ஞ்ச நேரத்திலையும், பூனை சொன்னதெண்டு ஒருத்தரும் என்ரை கடை வரிசையிலை வந்து நிக்கேல்லை."

"படமும் வந்திருக்கப்பா."

"கப்பலின்ரை படமும்தான் வந்தது. கப்பலைக் காணேல்லை."

இந்த அப்பாவுக்குத்தான் இரண்டு கண்ணிலும் வெள்ளை விழுந்திருந்தது. கண் டொக்டர் தெளிவாகச் சொன்னார்: ஒவ்வொரு கண்ணாக வெட்டி லென்ஸ் வைக்கவேண்டும், பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் பிந்தப் பிந்தக் கரைச்சல் கூடும். அப்பா நல்ல பிள்ளை போலத் தலையாட்டினார். ஓட்டோவில் திரும்பி வரும்போது, வெளியே பார்த்தபடி சொன்னார்.

"கண்ணுக்குச் சொட்டு மருந்து ஒண்டு வருகுதாம். வெட்டத் தேவையில்லையாம். விட்டால் வெள்ளை கரைஞ்சு போயிடுமாம். அடுத்த வருசம்."

நான் விடவில்லை. "கண்டவர் சொன்னதோ, கேட்டவர் சொன்னதோ?"

"என்ரை சிநேகிதன் வீடியோ அனுப்பினவன்."

"அவர் மருந்தைக் கண்டவரோ?"

"அவன் கனடாவிலை இருக்கிறான்," என்றார் அப்பா. அதற்கு மேல் ஒரு அத்தாட்சி வேண்டுமா என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

முதலில் எல்லோரும் சிரித்தோம். படலையில் காயப்போட்டிருந்த என் மழைக்கோட்டைப் பார்த்து, "ஏன் வெளியிலை நிக்கிறியள், உள்ளுக்கை வாங்கோவன்" என்று அப்பா கூப்பிட்டதை அம்மா சொந்தக்காரர் எல்லோருக்கும் போனில் சொன்னார். கோட் வரவில்லை என்று அப்பா கோபித்ததையும் சேர்த்துத்தான் சொன்னார். ஆனால் ஒருநாள் அப்பா கண் தெரியாமல் சைக்கிளோடு மதகுக்குள் இறங்கிவிட்டார். முழங்கால் தோல் உரிந்து, நெற்றியில் மண்ணோடு இரண்டு பேர் கூட்டிக்கொண்டு வந்து விட்டார்கள். அம்மா காயத்தைக் கழுவினார். பிறகு குசினிக்குள் போய், அடுப்படியில் நின்று அழுதார்.

"இன்னொருக்கால் விழுந்தால் இந்த மனிசன் எழும்பாது, தம்பி. ஏதாவது செய்."

அன்று பின்னேரம் நானும் அம்மாவும் இரண்டு பக்கமாக அப்பாவைப் பிடித்துக்கொண்டோம். அவர் தப்ப வழி பார்த்தார். கண்டும் பிடித்தார்.

"இவனை முதல்லை அந்தக் காட் சாமானை வாங்கச் சொல்லும். இவன் பூனைக்குக் காத்திருக்கலாம், நான் மருந்துக்குக் காத்திருக்கக் கூடாதோ? இவன் காட் வாங்குற அண்டைக்கு நான் கண் வெட்ட ஓம்."

"சத்தியமோ?" என்றார் அம்மா.

"நல்லூரான் ஆணை."

எவ்வளவு துணிவு. பெற்ற மகனை அவருக்குத் தெரியாதா? நான் இந்தப் பிறவியில் வாங்கமாட்டேன் என்ற நம்பிக்கையில்தான் கந்தனைச் சாட்சிக்கு இழுத்தார். அம்மா உடனே என் பக்கம் திரும்பினார். விதி பாருங்கள், அந்தக் கிழமைதான் பூனை, புது கார்ட் வந்தேவிட்டது என்கிற மாதிரி எழுதியிருந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் பாதி விலைக்கு வாங்கலாம் என்று அம்மாவுக்கு விளக்கினேன்.

"கடல் வத்தினால் கருவாடு தின்னலாமெண்டு காத்திருந்து குடல் வத்திச் செத்ததாம் கொக்கு," என்றார் அம்மா. "இந்த வீட்டிலை எனக்கு இரண்டு கொக்கு. உனக்குக் காட் இல்லை, கொப்பருக்குக் கண் இல்லை. நான் ஆரைப் போய்க் கட்டிப்பிடிச்சு அழ?"

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பூனையைப் பழித்த அப்பா பூனையின் ஆளாகிவிட்டார். காலையில் பல் தீட்டிவிட்டு வந்ததும், "என்னவாம் பூனை?" என்று கேட்பார். பிந்துகிறதாம் என்றால் முகம் மலரும். "அவசரப்படாதை. நல்ல சாமான் ஆறுதலாய்த்தான் வரும்," என்று எனக்குத் தைரியம் சொல்வார். கிட்ட வந்துவிட்டது என்று சொன்னால், "உவங்கள் சும்மா கதை அவிக்கிறாங்கள்," என்று பேப்பரைத் தூக்குவார். பேப்பரை அவர் வாசிக்கவில்லை, தூக்கி வைத்திருக்கிறார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஒருநாள் காலைச் சாப்பாட்டின்போது பூனை எழுதியதை வழக்கம்போல வாய்விட்டு வாசித்தேன். புது கார்ட் இப்போதைக்கு இல்லை. கார்டுக்குள் வைக்கிற நினைவகச் சில்லுகளையெல்லாம் செயற்கை அறிவுக் கம்பனிகள் மொத்தமாக அள்ளுகின்றன. கடைகளில் இருக்கிற பழைய கார்டுகளும் கெதியில் தீர்ந்துவிடும்.

அப்பாவின் கை இடியப்பத்தில் அப்படியே நின்றது.

"என்ன, தட்டுப்பாடோ?"

"அப்பிடித்தான் எழுதியிருக்கு."

கண்டவனா கேட்டவனா என்று அவர் கேட்கவில்லை. எழுந்து கை கழுவினார். சேட்டு ஒன்றை எடுத்து மாட்டினார். "வெளிக்கிடு," என்றார்.

"எங்கை அப்பா?"

"கடைக்கு. வேறெங்கை?"

"உது நிச்சயமில்லை அப்பா. பூனைதானே சொன்னது."

"பூனை சொன்னாலென்ன, நாய் சொன்னாலென்ன. வருகுதெண்டு சொன்ன கதையெல்லாம் பொய்ச்சிருக்கு. முடியப்போகுது எண்ட கதை மட்டும் ஒருநாளும் பொய்ச்சதில்லை. ஏனெண்டால் அதைக் கேட்ட உடனை நாங்கள் எல்லாரும் போய் முடிச்சுப்போடுவம்."

அம்மா குசினி வாசலில் நின்றார். அவருக்கு எங்கள் இரண்டு பேருக்கும் முன்னரே விசயம் விளங்கிவிட்டது. அப்பாவின் குடையை எடுத்து நீட்டினார். என்னைப் பார்த்து வாயை மூடு என்று கண்ணால் சொன்னார்.

கடை நல்லூரில், ரியூசன் வகுப்பு விட்டு வருகிற சைக்கிள்கள் நெரிகிற ஒரு ஒழுங்கைக்குள் இருந்தது. நான் ஒரு கார்டைக் காட்டி, விளக்கம் கேட்கத் தொடங்க முதல் அப்பா முன்னுக்குப் போய்விட்டார்.

"எத்தினை இருக்கு?"

"இந்த மொடலிலை ஒண்டுதான் ஐயா கிடக்கு," என்றார் கடைக்காரர்.

"உள்ளுக்கை எடுத்து வச்சதையும் சேர்த்துச் சொல்லும் தம்பி. நானும் கடை நடத்தினவன்."

கடைக்காரர் அப்பாவை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். "இரண்டு ஐயா," என்றார்.

அப்பா என் பக்கம் திரும்பிய முகத்தில் அப்படி ஒரு வெற்றி. இரண்டையும் எடுக்கச் சொல்லி என் முழங்கையை இடித்தார். ஒன்று போதும் என்று மன்றாடி அவரை அடக்கினேன். நான் உள்ளே போய்ப் பேசி முடித்துவிட்டு வந்தபோது, அவர் வெளிச்சத்தில் நின்று பெட்டியைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார். "நல்ல கொம்பனிதான்," என்றார். பெட்டி தலைகீழாக இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வழியில் இறங்கி மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி, சவுக்காரம், உப்பு என்று ஒரு பை நிறைய வாங்கினார். தட்டுப்பாடு ஒருநாளும் தனிய வராது என்றார்.

அம்மா படலையிலேயே நின்றார்.

"வாங்கியாச்சோ?"

அப்பா பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

"அப்ப, கண்ணுக்கு நாள் எடுக்கட்டோ?"

பெட்டி மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. அப்பா அதைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"தம்பி, உதைத் திருப்பிக் குடுக்கேலாதோ?"

"ஏலாதப்பா. தட்டுப்பாடு."

கண் ஆஸ்பத்திரியில் எங்களை விடியவே வரச்சொன்னார்கள். பச்சை உடுப்பைப் போட்டுவிட்டு, தாதி வந்து வந்து கண்ணுக்குள் மருந்து விட்டுக்கொண்டு போனார். மர வாங்கில் அப்பா என் பக்கத்தில் இருந்தார். பிறகு சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

"அந்தச் சொட்டு மருந்து பொய்யெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்."

"பிறகேன் அப்பா?"

"பயம், தம்பி." இதை அவர் என்னிடம் சொல்வார் என்று நான் நினைத்ததேயில்லை. "வெட்டப் போய், இருக்கிற மங்கலும் போயிட்டுதெண்டால் என்ன செய்யிறது? நாளைக்கு ஒண்டு வருகுதெண்டு ஆரும் சொன்னால், இண்டைக்கு இஞ்சை வரத் தேவையில்லையெல்லோ. அதுதான்."

அவருடைய கையைப் பிடித்தேன். குளிர்ந்து போயிருந்தது. எனக்கும் அந்தப் பயம் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். புது கார்ட் போட்ட பிறகும் என் படங்கள் நன்றாக வராவிட்டால், பழியைப் போடுவதற்கு வேறொன்றும் இருக்காது. அதற்குள் அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அப்பா கையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனார்.

ஒரு கிழமையில், வெட்டிய முதல் கண்ணின் மூடியையும் எடுத்துவிட்டார்கள். வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி கொடுத்திருந்தார்கள். அதை வீட்டுக்குள்ளும் போட்டுக்கொண்டு திரிந்தார். பூனை, புது கார்ட் சித்திரைக்குள் நிச்சயம் வருகிறது என்று எழுதியிருந்தது. நான் வாசித்துவிட்டு யாருக்கும் சொல்லாமல் மூடினேன்.

அன்று முற்பகல் அப்பா என் அறைக்குள் வந்து கதிரையை இழுத்துப் போட்டார். தொண்டைமானாற்றில் ஒரு குடும்பம் கட்டப்போகிற வீட்டை முடித்துத் திரையில் வைத்திருந்தேன். வழக்கமாக நான் படம் காட்டினால், "வடிவாயிருக்கு" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போவார். அன்று கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். பார்த்தார், பார்த்துக்கொண்டேயிருந்தார்.

"சுவரிலை வெயில் விழுந்திருக்கு," என்றார்.

"ஓம் அப்பா."

"ஓட்டிலை பாசி பிடிச்சிருக்கு. உதெல்லாம் நீயோ கீறினது?"

"ஓம்."

வெட்டிய கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு மற்றக் கண்ணால் பார்த்தார். கையை எடுத்தார். திரும்பவும் பொத்தினார்.

"இவ்வளவு நாளும் எனக்குத் தெரிஞ்சது இதுதான், தம்பி. ஒரு வெள்ளைப் புகார், பனி மூட்டம் போலை. வடிவாயிருக்கெண்டு உனக்குச் சொன்னதெல்லாம் சும்மா சொன்னது. எனக்கு ஒண்டுமே தெரியேல்லை."

அவர் கதிரையை இன்னும் கிட்ட இழுத்தார்.

"செய்ததெல்லாத்தையும் வச்சிருக்கிறியோ? முதல் செய்ததிலையிருந்து போடு."

போட்டேன். ஒவ்வொரு வீடாகப் பார்த்தார். ஒரு வீட்டுக்கு வாசற்படி வைக்க நான் மறந்திருந்ததைக் கண்டுபிடித்து, அந்தச் சனம் எப்படி உள்ளே ஏறினது என்று கேட்டார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். ஒருவரும் எழும்பவில்லை. பாதி வீடுகள்கூட முடியவில்லை, அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் குசினிப் பக்கம் குரல் கொடுத்தார்.

"இஞ்சேரும், மற்றக் கண்ணுக்கு எப்ப வரட்டாம்?"

"அடுத்த மாசம்," என்றார் அம்மா உள்ளேயிருந்து.

"அதுக்கு முதல் ஏலாதாமோ எண்டு ஒருக்கால் கேளுமன்."