தேர் காட்டிய வழி

என் மருமகள் முதன்முதலாகத் தெருவில் ஓடிய அன்றைக்கு அவள் பின்னால் மூன்று பேர் ஓடினார்கள். யார் வீட்டில் தீப்பிடித்ததோ, எந்தக் கிணற்றில் ஆடு விழுந்ததோ என்று பதறிப்போய் ஏரிக்கரை வரைக்கும் ஓடியிருக்கிறார்கள். அங்கே அவள் நின்றதும், "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லீங்க, சும்மாதான் ஓடுறேன்" என்றாளாம். மூன்று பேரும் நேராக என்னிடம் வந்துவிட்டார்கள், ஏதோ நான்தான் அவளை விரட்டிவிட்டது மாதிரி.

அவள் அங்கன்வாடி டீச்சர். இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு, சர்க்கரை வரப் பார்க்கிறது, நடங்கள் என்று டாக்டர் சொன்னார். இவள் நடந்து பார்த்தாள். அது அவள் அவசரத்துக்குப் போதவில்லை, ஓட ஆரம்பித்துவிட்டாள். எங்கள் ஊர் பச்சைமலை அடிவாரம். எந்தப் பக்கம் போனாலும் மூச்சு வாங்க ஒரு ஏற்றம் இருக்கும். மக்காச்சோளக் காடு, வெங்காயம் சேர்த்து வைக்கிற பட்டறை, கரட்டு உச்சியில் பழைய சிவன் கோயில் என்று எல்லாம் சுற்றிவிட்டுத்தான் வீடு வருவாள். அதே வழியில் நானும் தலையில் புல்லுக்கட்டோடு நாற்பது வருஷம் ஏறி இறங்கியவள்தான். அவளுக்கு என் மகன் ஷூ வாங்கித் தந்தான், எனக்கு யாரும் வாங்கித் தரவில்லை. அந்த வயிற்றெரிச்சல் கொஞ்சம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். கோயிலுக்குக் குறுக்கு வழி என்று சொல்லி ஒரு நாள் அவளை முள்ளுக்காட்டுக்குள் அனுப்பியிருக்கிறேன்.

அப்போதுதான் பெண்களுக்கு ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். பக்கத்து ஊர்க் கோட்டையில் ஆரம்பித்து, எங்கள் ஊர் வழியாக வந்து, பள்ளிக்கூடத்தில் முடிய வேண்டும். இடையில் எந்த வழி என்று சொல்ல மாட்டார்களாம். தரையில் அம்புக்குறி இருக்கும், அதைப் பார்த்து ஓட வேண்டும். உள்ளூர்க்காரர்கள் முன்கூட்டியே பழகிவிடக் கூடாது என்று அப்படி ஒரு சட்டம்.

நான் அவளிடம் சொன்னேன், "முதல் மூணு பேருக்குள்ள வந்தியானா, இனிமே உன் ஓட்டத்தப் பத்தி வாயத் தெறக்க மாட்டேன். விடியக்கால வேலையும் என்னோடது. இல்லேன்னா அந்த ஷூவத் தூக்கிப் பரண்ல போட்டுடணும்."

"சத்தியமாங்க அத்தை?"

"நான் சொன்னா சொன்னதுதான்."

பந்தயத்தன்று இருட்டிலேயே கிளம்பிப் போய்விட்டாள். நான் வழக்கம்போல வாசல் தெளிக்க வந்தேன். என் வாசல் என்பது ரோட்டின் பாதி வரைக்கும். எதிர்வீட்டுக்காரி ஒத்துக்கொள்ள மாட்டாள், ஆனால் அதுதான் உண்மை. அந்த இடத்தில் வெள்ளையாகக் கோணல்மாணலாக ஏதோ சிந்திக் கிடந்தது. எந்த லாரிக்காரனோ சுண்ணாம்பு மூட்டையைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறான் என்று அவனைத் திட்டிக்கொண்டே நாலு வாளி சாணித் தண்ணீர் அடித்துச் சுத்தமாகப் பெருக்கிவிட்டேன். ஊர்ப்பட்ட பெண்கள் ஓடி வருகிற நாள், நம் வாசல் பளிச்சென்று இருக்க வேண்டாமா? நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கூட்டித்தான் படிப்பேன். ஆனால் கோலத்தில் என்னை மிஞ்ச அந்தத் தெருவில் ஆளில்லை. பெரிய தேர் ஒன்று போட்டேன். தேரின் கூர்மையான உச்சி, ரோடு போகிற பக்கம் பார்த்து அம்சமாக நின்றது.

முதலில் மூன்று பெண்கள் வந்தார்கள். தேரை உற்றுப் பார்த்தார்கள். நேராக ஓடினார்கள். நேராகப் போனால் கல் குவாரிதான் வரும்! போகிறார்களே என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, டீக்கடையிலிருந்து விளையாட்டு வாத்தியார் கையில் டம்ளரோடு ஓடி வந்தார். எங்கள் வீட்டு முக்கில் நின்று வழி காட்ட வேண்டியவர் அவர்தான்.

"அம்மாயி, இங்க போட்டிருந்த அம்பு எங்க?"

"எந்த அம்பு? ராமர் வுட்டதா?"

"இந்த முக்குல, எடது பக்கம் திரும்பச் சொல்லி, சுண்ணாம்புல போட்டிருந்தேனே!"

லாரிக்காரன் கொட்டியது என்று நான் பெருக்கித் தள்ளியது அதைத்தான். அவர் டம்ளரை என் கையில் திணித்துவிட்டு, போனவர்களைப் பிடிக்க மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார். நாலாவதாக யாரோ வருவது தெரிந்தது. பார்த்தால் என் மருமகள்.

நான் போய் நடுரோட்டில் நின்று இடது பக்கம் கையை நீட்டினேன். "இப்படிப் போடி!"

நேர் ரோட்டில் மூன்று முதுகுகள் ஓடுவது அவளுக்கும் தெரிந்தது. நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். "அத்தை, வெளயாடாதீங்க. அன்னைக்கு முள்ளுக்காடு, இன்னைக்கு என்ன?"

"அது அன்னைக்கு. இன்னைக்கு நெசம். போடின்னா!"

அவ்வளவு நேரம் யாரும் என்னைப் பார்த்ததில்லை. பெண் பார்க்க வந்தவர்கள்கூட. பிறகு சட்டென்று இடது பக்கம் திரும்பி ஓடினாள். பின்னால் வந்தவர்களையெல்லாம் அதே பக்கம் திருப்பி அனுப்பிவிட்டு, நான் சந்து வழியாகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன்.

நான் போய்ச் சேரும்போது முதலாவதாக வந்தது என் மருமகள்தான் என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து அந்த மூன்று பெண்களும் வந்தார்கள், குவாரிப் புழுதியில் மாவு மில்லிலிருந்து வந்தவர்கள் மாதிரி. ஒருத்தி கத்தினாள், "அம்ப அழிச்சது யாரு? அந்த முக்கு வூடு இவங்க வூடுதானாம். மாமியாரும் மருமவளும் சேந்து பண்ண வேல!"

விளையாட்டு வாத்தியார் என்னைப் பார்க்கவில்லை. டீ குடிக்கப் போன கதை வெளியே வருமே என்று அவருக்குப் பயம். லாரி ஏறி அழிந்துவிட்டது என்று நான் சொல்லியிருந்தால் எல்லாரும் நம்பியிருப்பார்கள். ஆனால் என் மருமகள் கையில் கோப்பையை வைத்துக்கொண்டு, எல்லார் முன்னாலும் திருடி மாதிரி நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அழிச்சது நான்தான். சாணி தெளிச்சேன். அந்தத் தேரும் நான் போட்டதுதான். அம்புன்னு தெரியாது. அவளுக்கு இதுல எதுவும் தெரியாது" என்றேன். அந்த வயதுவரைக்கும் ஊர் முன்னால் தப்பை ஒத்துக்கொண்டு நான் நின்றதில்லை.

புழுதிப் பெண்களில் ஒருத்திதான் முதலில் சிரித்தாள். "அய்யய்யோ, கோலத்தப் பாத்தா ஓடுனோம்!"

என் மருமகள் கோப்பையை மேஜையில் வைத்தாள். "சார், நாங்க நாலு பேரும் அந்த முக்குலேருந்து திரும்ப ஓடுறோம். யாரு மொதல்ல வராங்களோ அவங்களுக்குக் குடுங்க."

"உனக்கென்ன பைத்தியமாடி?" என்று காதில் கேட்டேன். நாலில் நாலாவதாக வந்தால் ஷூ பரணுக்குப் போய்விடும். அவளுக்கும் அது தெரியும். "நீங்க ஒத்துக்கிட்டீங்கல்ல அத்தை" என்று மட்டும் சொன்னாள்.

நாலு பேரும் ஓடினார்கள். பள்ளிக்கூட கேட்டில் நின்று கழுத்தை நீட்டிக்கொண்டு பார்த்தேன். முதல் தலை அவளில்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவது தலை தெரிந்ததும் நான் கத்திய கத்தலில் மைக்குக்காரர் பயந்துபோய் மைக்கை நிறுத்திவிட்டார்.

சொன்ன சொல் சொன்னதுதான். இப்போது விடியற்காலையில் மாடு கறப்பதும் உலை வைப்பதும் நான்தான். அவளைக் காணாமல், எதிர்வீட்டுக்காரி தினமும் வாயெல்லாம் பல்லாகக் கேட்கிறாள், "என்னக்கா, மருமவ ஓடிட்டாளா?"

"ஆமா, ஓடிட்டா" என்கிறேன். "ஏழு மணிக்கு வந்துடுவா."