சித்தி கையில் பச்சை வளையல்

மகள் மித்ராவின் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தபோது சித்தப்பாவின் போன் வந்தது. கனடாவில் எங்களுக்குக் காலை. மார்க்கையன்கோட்டையில் விளக்கு வைக்கும் நேரம். அந்த நேரத்தில் அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை.

"ஆத்தா கவிதா, உஞ்சித்தி போயிட்டா. தோட்டத்துல இருந்து வந்தா, நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தா. அம்புட்டுத்தான்."

நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று இருவருக்குமே தெரிந்திருந்தது. அவர் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"இன்னொண்ணு கேக்கணும். காலையில குளிப்பாட்டுவாக. சுமங்கலியாப் போனவளுக்குக் கை நெறைய கண்ணாடி வளையல் போட்டுத்தான் அனுப்பணும்னு பொம்பளைக சொல்றாக. உஞ்சித்தி உசுரோட இருந்தவரைக்கும் ஒரு வளையல் போட்டவ இல்ல. அவளுக்குப் பிடிக்காததச் செய்ய எனக்குப் பயமா இருக்கு ஆத்தா. போடவா, வேணாமா? நீ சொன்னாச் சரி."

இத்தனை வருடம் கூடவே வாழ்ந்த மனிதருக்குக் காரணம் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். "செத்த நேரம் குடுங்க சித்தப்பா, நானே கூப்பிடுறேன்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

மறுநாள் சித்தியைக் கடைசியாகப் பார்க்க வந்த ஊர்க்காரர்கள் நீங்கள் எல்லோரும் முழங்கை வரைக்கும் இருந்த பச்சை வளையல்களைப் பார்த்திருப்பீர்கள். வேலுத்தாய் கையில் வளையலா என்று சிலர் சித்தப்பாவிடம் கேட்டீர்களாம். அதற்குப் பதில்தான் இது. "நான் போனப்புறம் வேணும்னா சொல்லு. இருக்கும்போது சொன்னா எம்மூஞ்சியப் பாக்கமாட்டாக" என்று சித்தி என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். இனி சொல்லலாம்.

வேலுத்தாய் என் அம்மாவின் தங்கை. கோம்பையில் என்னைப் பெற்ற அன்றே அம்மா இறந்துபோனார். அப்பா வேறு குடும்பம் தேடிக்கொண்டார். பாவாடை தாவணி வயதில் இருந்த சித்திதான் என்னைத் தூக்கி வளர்த்தார். மார்க்கையன்கோட்டையிலிருந்து கல்யாணப் பேச்சு வந்தபோதும், "இவளையும் கூட்டிட்டு வருவேன், சம்மதம்னா தாலியக் கட்டச் சொல்லுங்க" என்று பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நின்று சொன்னவர். அவருக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி ஊரில் பேசியவர்கள் உண்டு, அவர் காதுபடவே பேசியவர்களும் உண்டு. பேசியவர்களில் ஒன்றிரண்டு பேர் இதைப் படிக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

வாழைத் தோட்டத்தில் பன்றி இறங்கினால் சித்தப்பாவை எழுப்பாமல் தானே கம்பை எடுத்துக்கொண்டு போகிற ஆள் அவர். தண்ணீர் திறக்கிற தகராறில் ஆம்பளைகளோடு வாய்க்கால் மேட்டில் நின்று மல்லுக்கட்டியதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். அவர் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். தெருவில் எந்தப் பெண்ணுக்காவது வலி எடுத்தது என்றால் முகம் வெளுத்துப்போகும். ஒரு பெண்ணுக்குப் பிரசவ நேரத்தில் வீட்டில் பூட்டினது, முடிந்தது எதுவும் இருக்கக் கூடாது என்பது நம் பக்கத்துப் பழக்கம். சொந்த வீட்டுக்காரர்கள்தான் திறப்பார்கள். சித்தியோ, யாருக்கோ வலி என்றாலும் தன் வீட்டுக் கதவு, பீரோ, தகரப்பெட்டி, அஞ்சறைப்பெட்டி வரை திறந்து போட்டுவிட்டுத் தோட்டத்துக்கு ஓடிவிடுவார். பிள்ளை பிறந்த செய்தி வந்த பிறகுதான் வீட்டுக்கு வருவார். "வேலுத்தா வீடு தெறந்து கெடக்கு, எங்கனயோ பிள்ளை வருது" என்று நீங்கள் சிரித்ததும் உண்டு.

அதனால்தான் என் இரண்டாவது பிரசவத்துக்கு இங்கே எட்மன்டனுக்கு வரச்சொன்னபோது அவர் பிடிகொடுக்கவில்லை. மித்ரா பிறந்தபோது பழனிசெட்டிபட்டியிலிருந்து என் மாமியார் வந்திருந்தார். இந்த முறை அவருக்கு முழங்கால் முடியவில்லை. சித்தி விமானத்துக்குப் பயப்படுகிறார் என்று நானும் என் கணவர் செல்வமும் நினைத்தோம். கடைசியில் நான் போனில் அழுதுவிட்டேன். பிறகு, "சரி, வாரேன்" என்றார்.

விமானம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "நம்ம போடி பஸ்ஸு குலுக்குறதுல பாதிகூட இல்ல. தூங்கிட்டேன்" என்றார். சேலைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் விமான நிலையத்துக்குச் செல்வம் கொண்டுபோன கோட்டு, முந்தானை முடிச்சில் பெட்டிச் சாவி. அப்படிச் சிரித்துக்கொண்டு வந்தவர், என் கோட்டை விலக்கி வயிற்றைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். குழந்தை உதைக்கிறது, தொட்டுப் பார் சித்தி என்றால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். தினமும் ஜன்னலோரம் நின்று பனியைப் பார்ப்பார். "ஆஸ்பத்திரி எம்புட்டு தூரம்? ரோடு பூரா இது கெடக்குறப்ப எப்பிடிப் போவீக? கூப்பிட்டா வண்டி வருமா?" என்று கேட்ட கேள்வியையே கேட்பார். அவருடைய பயம் மெல்ல எனக்கும் ஒட்டிக்கொண்டது. நானும் ஜன்னலருகே போய் நிற்க ஆரம்பித்தேன்.

சொன்ன தேதிக்கு முன்பாகவே ஒரு காலையில் வலி வந்தது. செல்வம் காரை எடுக்கப் போனார். சித்தி என் பின்னலை அவிழ்த்து, ரப்பர் பேண்டை உருவி எறிந்தார். இடுப்பு நாடாவைத் தளர்த்திவிட்டார். "விரிச்சுப் போட்டுட்டே போ ஆத்தா. எதையும் முடிஞ்சுக்காத" என்றார். அவர் விரல்கள் சில்லென்று இருந்தன. மித்ராவை அவரிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

மதியத்துக்கு மேல் குழந்தையின் இதயத் துடிப்பு ஒவ்வொரு வலிக்கும் இறங்க ஆரம்பித்தது. இயந்திரத்தின் சத்தம் நிதானமாக இருந்து, தயங்கி, நின்றுவிடுவதுபோல் இழுத்து, மறுபடி எழும்பும். ஒவ்வொரு முறையும் எழும்புமா என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஒரு நர்ஸ் இருந்த அறையில் திடீரென்று ஏழெட்டுப் பேர் நின்றார்கள். என் அம்மாவும் இப்படித்தான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்திருப்பார் என்று தோன்றியது. அதுவரை அம்மாவை நினைத்து நான் வருத்தப்பட்டிருக்கிறேன், அன்றுதான் பயந்தேன். அந்த நேரத்தில் செல்வத்தின் போன் விடாமல் அடித்தது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் பீட்டர்தான் கூப்பிட்டார். எங்கள் வீட்டின் முன்கதவு, பின்கதவு, கார் நிறுத்துமிடத்தின் பெரிய கதவு எல்லாம் விரியத் திறந்து கிடக்கின்றன, பனி உள்ளே அடித்துக்கொண்டிருக்கிறது, திருடன் புகுந்துவிட்டானா என்று கேட்டார். வெளியே மைனஸ் இருபதுக்குக் கீழே. உள்ளே நான்கு வயதுக் குழந்தை. செல்வத்தின் முகத்தைப் பார்த்து, என் குழந்தைக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நான் கத்திவிட்டேன். எந்தக் குழந்தைக்கு என்றே எனக்குத் தெரியவில்லை.

பீட்டர் உள்ளே போய்ப் பார்த்ததைப் பிறகு சொன்னார். அலமாரி, பிரிட்ஜ், ஓவன், துணி துவைக்கும் மெஷின், மேசை இழுப்பறைகள், மித்ராவின் பென்சில் பெட்டி என்று அந்த வீட்டில் மூடியிருந்த பொருள் ஒன்றுகூட இல்லை. பனி உடுப்பு, தொப்பி, அதற்கு மேல் வீட்டிலிருந்த கம்பளி அத்தனையையும் சுற்றி மித்ராவைச் சோபாவில் உட்காரவைத்து, கையில் சூடான பாலும் கொடுத்திருந்தார் சித்தி. அவர் மட்டும் வெறும் ஸ்வெட்டரோடு தரையில் உட்கார்ந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டியின் பூட்டைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார். காலையில் எல்லா முடிச்சுகளையும் அவிழ்த்தபோது தன் முந்தானை முடிச்சையும் அவிழ்த்திருக்கிறார். சாவி எங்கேயோ பனிக்குள் விழுந்துவிட்டது.

பீட்டர் முன்கதவைச் சாத்தப் போயிருக்கிறார். "அடைக்காதீக! அடைக்காதீக!" என்று சித்தி ஓடிவந்து நிலையில் குறுக்கே நின்றுகொண்டார். செல்வம் இன்னும் இணைப்பில் இருந்த தன் போனைப் பீட்டர் சித்தி காதில் வைத்தார்.

"சித்தி, முதல்ல கதவ அடைங்க" என்றார் செல்வம்.

"பிள்ளை பெறந்துருச்சா?"

"இன்னும் இல்ல. ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போறாங்க."

"அப்ப அடைக்கமாட்டேன் தம்பி. என்னைய மன்னிச்சிரு."

பீட்டருக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்த பிறகு கதவைத் தொட மனம் வரவில்லை என்றார். தன் கோட்டைக் கழற்றிச் சித்தியின் தோளில் போட்டுவிட்டு, மித்ராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். சித்தி திரும்பிப்போய்ப் பூட்டை அடித்து உடைத்தார். மூடியைத் திறந்ததும் உள்ளே பார்த்து வாய்விட்டு அழுதார். கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருந்த என் மகனை வெளியே எடுத்துவிட்டார்கள், அழுதுவிட்டான் என்று செல்வத்தின் போன் வந்த பிறகுதான் அந்த வீட்டின் கதவுகள் சாத்தப்பட்டன.

வீட்டுக்கு வந்தபோது சமையலறைக் குழாய் உறைந்து வெடித்திருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "மித்ராவுக்கு ஏதாவது ஆகியிருந்தா என்ன செஞ்சிருப்ப சித்தி?" என்று கத்தினேன். அவர் எனக்குப் பூண்டுக் குழம்பும் சோறும் போட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார். பிறகு உடைந்த பெட்டியை இழுத்து என் முன்னால் திறந்தார். உள்ளே சேலைகளுக்கு நடுவில் பச்சைக் கண்ணாடி வளையல்கள். சுத்தியல் அடியில் பாதி நொறுங்கியிருந்தன.

"உன் வளைகாப்புக்குன்னு வாங்கியாந்தேன். வந்த அன்னைக்கே போட்டுவிடணும்னு நெனச்சேன். கை வரல."

பிறகு சொன்னார். என் அம்மாவின் வளைகாப்புக்கு வாங்கிய வளையல்களில் ஒரு பிடியை, ஆசைப்பட்டு, யாருக்கும் தெரியாமல் எடுத்துத் தன் தகரப்பெட்டியில் ஒளித்துவைத்திருக்கிறார்.

"அக்காவுக்கு வலி எடுத்ததும் எல்லாத்தையும் தெறங்கன்னாக. நாந்தான் ஓடி ஓடித் தெறந்தேன். எம்பெட்டிய மட்டும் தெறக்கல. தெறந்தா வளையலப் பாத்துருவாக, திருடிச் சிறுக்கின்னு வைவாகன்னு பயம். பொழுது சாயுறதுக்குள்ள அக்கா போயிட்டா. நீ மட்டும் வந்த. அந்த வளையல ஆத்துல போட்டேன். அன்னைக்கு இருந்து எங்கையில கண்ணாடி ஏத்தல."

ரத்தப்போக்கு நிற்காமல் அம்மா இறந்தார், கோம்பையில் அன்று நேரத்துக்கு வண்டி கிடைக்கவில்லை, பெட்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"டாக்டருக சொல்றது சரிதான் ஆத்தா. நான் தெறக்காததும் நெசந்தான்."

அவர் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டேன். அவர் என் தலையைத் தடவியபடி மெதுவாகச் சொன்னார்: "சாகப் பயமில்ல. அங்கன அக்கா இருப்பா. ஏண்டி, என் வளையலு எங்கனன்னு கேட்டா எதக் காட்டுவேன்? அதுக்குத்தான் பயமா இருக்கு."

ஊருக்குக் கிளம்பும் நாளில், உடையாத வளையல்களை ஒவ்வொன்றாக என் கையில் ஏற்றிவிட்டார். என் மகனை முதல்முறையாக உச்சி மோந்து பார்த்ததும் அன்றுதான். நான் ஒரு வளையலைக் கழற்றி, "நீயும் ஒண்ணு போடு சித்தி" என்றேன். அவசரமாகக் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். "வேணாம் ஆத்தா. அவ குடுக்கல" என்றார்.

உடைந்த அந்தப் பூட்டை நான் தூக்கிப்போடவில்லை. அவரிடமிருந்து எனக்கு வந்தவை அந்தப் பூட்டும், இந்தப் பச்சை வளையல்களும், அவருடைய பயமும். எங்கள் தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் கை தானாக ஏதாவது ஓர் அலமாரியைத் திறந்துவிடுகிறது. செல்வம் கேலி செய்வதில்லை. அன்றைக்குச் சித்தப்பாவின் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்பும், என்ன செய்கிறேன் என்று தெரியாமலே வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"போடுங்க சித்தப்பா" என்றேன். "பச்சை வளையல். ரெண்டு கையிலயும் நெறையப் போடச் சொல்லுங்க."

"அவளுக்குப் பிடிக்காதேம்மா."

"பிடிக்கும் சித்தப்பா. போடும்போது சித்தி காதுல ஒண்ணு சொல்லிருங்க. அங்கன எங்கம்மா கேட்டா, கவிதா குடுத்தான்னு சொல்லச் சொல்லுங்க."