செவலை இறங்கிய கரை

கொல்லத்தில் வாடகைக்கு எடுத்த வள்ளத்தின் முன்நுனியில் செவலை உட்கார்ந்திருந்ததுதான் அந்தப் பயணத்தில் எனக்கு முதலில் நினைவுக்கு வரும் காட்சி. தண்ணீரைக் கண்டே பழகாத நாய். சங்கரன்கோவிலில் அதற்குத் தெரிந்த தண்ணீர் எங்கள் தெருக்குழாயடியில் தேங்குவது மட்டும்தான். இங்கே இரண்டு பக்கமும் காயல் விரிந்து கிடக்க, காதுகளை விறைத்துக்கொண்டு அசையாமல் இருந்தது. அதன் முதுகில் கை வைத்தபடி அத்தை இருந்தாள்.

அத்தை என் அப்பாவின் தங்கை. செவலை அவள் கணவர் குட்டியாகக் கொண்டுவந்த நாய். அது வளர்ந்து கொஞ்ச காலத்தில், செங்கோட்டை வரை போய் வருகிறேன் என்று கிளம்பிய மாமா திரும்பவில்லை. அத்தை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பகலெல்லாம் பக்கத்து விசைத்தறிக் கூடத்தில் தார்க்குச்சிகளில் நூல் சுற்றுவாள். மாலையில் செவலையை அழைத்துக்கொண்டு ரயில் நிலையம் வரை நடப்பாள். ரயிலில் வந்து இறங்குகிறவர்களை அவளும் பார்ப்பாள், நாயும் பார்க்கும்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு பள்ளி விடுமுறையில், எல்லோரும் கேரளத்துக்குப் போய்ப் படகில் சுற்றலாம் என்றார் அப்பா. அதுவரை குற்றாலத்தைத் தாண்டி எங்களை எங்கும் கூட்டிப்போகாதவர். நாயை எதற்கு இழுத்துக்கொண்டு போவது என்று அம்மா கேட்டதற்கு, "அதுவும் வரட்டும். அவள விட்டுட்டு அது இருக்காது" என்று மட்டும் சொன்னார். மாமாவைக் காயல் கரையில் பார்த்ததாக யாரோ அவரிடம் சொல்லியிருந்தது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அத்தைக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். தீபாவளிக்கு எடுத்துக் கட்டாமலே வைத்திருந்த அரக்குச் சேலையை அன்று வள்ளத்தில் கட்டியிருந்தாள்.

முதல் நாள் சந்தோஷமாகவே போனது. வள்ளக்காரர் கஞ்சியும் மீன் குழம்பும் ஆக்கித் தந்தார். அம்மா தண்ணீரில் கால் நனைத்துச் சிரித்தாள். மறுநாள் காலையில், வாய்க்கால் இரண்டாகப் பிரியும் இடத்துக்குப் பக்கத்தில், இளநீர் வாங்க ஒரு கரையோரம் வள்ளத்தை நிறுத்தினார்கள். தேங்காய் மட்டை ஊறிய நாற்றம் மூக்கைத் துளைத்தது. செவலை எழுந்து நின்றது. தொண்டைக்குள் மெல்ல ஒரு முனகல். அத்தை பிடிப்பதற்குள் தண்ணீரில் குதித்துவிட்டது.

கரையில் மட்டைக் கட்டைச் சுமந்துகொண்டிருந்த ஒருவர் மேல் போய் விழுந்தது. காலடியில் புரண்டது, அழுதது, எழுந்து மறுபடி தாவியது. அவர் சுமையைக் கீழே போட்டார். அவர் கை தானாகவே நாயின் காதுக்குப் பின்னால் போய்ச் சொறிந்தது. நிமிர்ந்தபோது எங்களைப் பார்த்தார். சொறிந்த கை அப்படியே நின்றது.

அப்பா கரைக்குத் தாவினார். "மாப்ளே... என்ன மாப்ளே இது?"

"ஞான் அல்ல," என்றார் அவர் மலையாளத்தில். "ஆளு மாறிப் போயி."

குடிசை வாசலில் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வந்து நின்று அவரைப் பார்த்தாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அப்பா அவர் சட்டையைப் பிடிக்கப் போனார்.

"அண்ணே, ஏறு," என்றாள் அத்தை. குரல் உயரவில்லை. "வள்ளத்த எடுக்கச் சொல்லு."

"ஏட்டி, உனக்குக் கண்ணு தெரியலியா?"

"தெரியுது. அது வேற ஆளுண்ணே."

அப்பா நீட்டிய கையை இழுத்துக்கொண்டு வள்ளத்தில் ஏறினார். "நாயி?" என்றார்.

"அது அங்கனயே கெடக்கட்டும்."

வள்ளம் நகர்ந்ததும் செவலை கரையோரமாக எங்கள் கூடவே ஓடி வந்தது. வாய்க்கால் பிரியும் இடத்தில் கரை முடிந்தது. அங்கே நின்று அத்தையைப் பார்த்தது, பின்னால் திரும்பி அவரைப் பார்த்தது. அத்தை கூப்பிடவில்லை. ஒரே ஒரு சொல் போதும், நீந்தி வந்திருக்கும். அது திரும்பி நடந்தது.

ஊருக்கு வந்த பிறகு அத்தை ரயில் நிலையத்துக்குப் போவதை விட்டாள். ஆடித்தபசுக்கு ஊரே திரண்டு, தவமிருந்த அம்மனுக்குச் சுவாமி காட்சி கொடுப்பதைப் பார்க்கும்போது, அவள் வீட்டில் உட்கார்ந்து அரிசி புடைப்பாள். பொட்டை மட்டும் அழிக்கவில்லை. என்ன விவரம் என்று கேட்டவர்களிடம், "தேடிட்டுத்தான் இருக்கோம்" என்பாள். அப்பா அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவது குறைந்துபோனது.

எண்பதுகளில் ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு அத்தை இறந்தாள். குளிப்பாட்ட வந்த பெண்கள், பூவும் பொட்டும் வைத்து அனுப்புவதா, வேண்டாமா என்று அப்பாவிடம் கேட்டார்கள். மாமா உயிரோடு இருக்கிறாரா என்பதே எங்களுக்குத் தெரியாது. அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அப்போது அவருக்கிருந்த வயதை நான் இன்று தாண்டிவிட்டேன். கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியாது.

அம்மாதான் குங்குமத்தை எடுத்தாள்.

"அது வேற ஆளுன்னு அவளே சொல்லிட்டாள்லா. தேடிட்டுத்தான இருந்தா," என்று சொல்லிக்கொண்டே, அத்தையின் நெற்றியில் அழுத்தி வைத்தாள்.