சமயபுரத்தில் இறக்காத முடி

நான் சமயபுரத்தில் மொட்டை போடவே இல்லை! ஒன்பது மாதமாக என் மனைவி மாலதி நம்பிக்கொண்டிருக்கும் அந்த வேண்டுதல் பச்சைப் பொய். உங்களிடம் சொல்லிவிட்டேன். அவளிடம்...

போன ஆடியில் அவள் மார்பில் ஒரு கட்டி. சோதனைக்குக் கொடுத்துவிட்டு முடிவுக்காகப் பத்து நாள் காத்திருந்தாள். அந்தப் பத்து நாளும் நான் எங்கே இருந்தேன்? பயிற்சி என்று சொல்லிவிட்டு, தில்லைநகரில் தலையை மழித்துக்கொண்டு ஒரு மருத்துவரின் முன்னால் கவிழ்ந்து படுத்திருந்தேன். பின்மண்டை முடியை வேரோடு எடுத்து வழுக்கையான முன்நெற்றியில் நட்டார்கள். நான் வேலை பார்க்கும் பொன்மலை ரயில் பட்டறையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்னைப் "பெரியவரே" என்று கூப்பிட்டதற்காக! நாற்பத்தொரு வயதில் இது ஒரு கேடா எனக்கு? தேதியைத் தள்ளிப்போட்டிருக்கலாம். போடவில்லை.

"நட்ட முடி மொதல்ல கொட்டிடும், பயப்படாதீங்க. வேர் உள்ளேயே இருக்கும், மறுபடி முளைக்கும்," என்றார் மருத்துவர். "வேர்கிட்ட ஒரு குட்டித் தசை இருக்குங்க. அதுக்கு நரம்பு வந்து சேரணும். சேந்துட்டா பயந்தாக்கூட முடி சிலிர்த்து நிக்கும். அன்னைக்குத்தான் அது உங்க முடி."

ஸ்ரீரங்கம் வீட்டுக் கதவைத் திறந்த மாலதி என் தலையைப் பார்த்துத் திகைத்தாள். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"உனக்காகத்தான்... சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கிட்டேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மறுநாளே முடிவு வந்தது. சாதாரணக் கட்டிதான்!

இனி எப்படிச் சொல்வேன், நீங்களே சொல்லுங்கள்? முன்நெற்றியில் முடி முளைத்ததும் "ஆத்தா குடுத்தது" என்று தெருவெல்லாம் சொன்னாள். பின்மண்டையில் புள்ளி புள்ளியாகத் தழும்புகள் இருக்கின்றன. அவள் எண்ணெய் தேய்க்க வரும்போதெல்லாம் கிண்ணத்தை வாங்கி நானே தேய்த்துக்கொள்வேன்.

போன ஞாயிறு, தன் முடியையும் ஆத்தாளுக்குக் கொடுக்க என்னோடு சமயபுரம் கிளம்பினாள். இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. மண்டபத்தில் நாவிதரின் முன்னால் உட்கார்ந்தாள்.

"மாலதி..."

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. பாத்து உக்காரு."

கத்தி இறங்கியது. பார்த்துக்கொண்டே நின்றேன். கோழை! வேறென்ன சொல்வது என்னை?

திரும்பும் பஸ்ஸில், சந்தனம் பூசிய தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டாள். கொள்ளிடம் பாலத்தில், "இப்பத்தாங்க எனக்கு நிம்மதியா இருக்கு," என்றாள். பிறகு என் நெற்றியைத் தொட்டாள்.

"என்னங்க இது, முன்முடியெல்லாம் சிலிர்த்துக்கிட்டு நிக்குது... குளிருதா?"

சித்திரை மாதத்து உச்சி வெயிலில் பஸ் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஆமா," என்றேன்.