தலையில் அடிபட்ட பிள்ளையிடம் நான் கேட்ட கேள்வி

முதலில் சத்திதான் (வாந்தி). செவ்வாய்க்கிழமை காலை என் மகள் நிருபா குளியலறைக்குள் ஓடிச் சத்தி எடுத்தாள். புதன்கிழமையும் எடுத்தாள். கதவுக்கு வெளியே நின்ற நான், அவள் கடைசியாக எப்போது விலக்காக இருந்தாள் என்று விரல் மடித்து எண்ணினேன்.

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் பிள்ளை வளர்க்கும் தாய்மாருக்காக எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அப்போது, தொண்ணூறுகளின் நடுவில், இத்தாலியில் பலேர்மோ நகரில் ஒரு சிஞ்ஞோரா (அம்மணி) வீட்டில் வேலை. அங்கே அல்பெர்கேரியாப் பகுதியில் இரண்டு அறை வீடு.

நிருபா பல்கலைக்கழகப் பெண்கள் ஹொக்கி அணியில் ஆடினாள். சில்லுச் சப்பாத்து (சக்கரம் பூட்டியது) போட்டுக்கொண்டு சீமெந்துத் தரையில் ஆடுவது. அதிகம் கோல் போட்டவள் அவள்தான். வடக்கே மலைப்பக்கத்தில், பனிக்கட்டித் தரையில் ஆடும் ஒரு கல்லூரி அணி, வந்து ஆடிக் காட்டும்படி அவளுக்குக் கடிதம் போட்டிருந்தது. போகவேண்டாம் என்றேன். பயிற்சி முடிந்து பெடியன்களின் காரில் வந்து இறங்குகிறாள் என்று பூசைக்கு வரும் தமிழ்ச் சனம் கதைத்தது. என் காதில் அதுதான் இருந்தது.

புதன் மத்தியானம் கேட்டேன்.

"ஆர் அவன்?"

"எவன்?"

"என்னைப் பேய்க்காட்டாதை. வயித்தைப் பிரட்டுறது ஏனெண்டு எனக்குத் தெரியாதே?"

"மம்மா மீயா, அம்மா! தலை இடிக்குது. லைற்றை நூருங்கோ."

நான் லைற்றை அணைக்கவில்லை. அவள் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, எங்கள் மானத்தைக் காப்பாற்று என்று பிள்ளையாருக்கு நேர்ந்தேன். என் பிள்ளையைக் காப்பாற்று என்று கேட்கவில்லை.

வியாழக்கிழமை அவளுடைய பயிற்சியாளர் தொலைபேசி எடுத்தார். படபடவென்று கதைத்ததில் 'தெஸ்தா' என்ற சொல் இரண்டு தரம் வந்தது. தலை என்று எனக்குத் தெரியும். "பெனே, பெனே" (நல்லாயிருக்கிறாள்) என்று வைத்துவிட்டேன். விஷயம் வெளியே போய்விடும் என்ற பயம்.

வெள்ளிக்கிழமை தேத்தண்ணிக் கோப்பை அவளுடைய இடது கையிலிருந்து நழுவி விழுந்தது. கை அப்படியே திறந்தபடி இருந்தது. பேச்சுக் குழறியது. துறைமுகத்தில் சாமான் இறக்கும் என் கணவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், எத்தனை நாளாகச் சத்தி?

"ஓஜ்ஜி" என்றேன். இன்றைக்குத்தான் என்று. அவர் அதை எழுதினார். அந்தப் பேனையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு, இல்லை, நாலு நாள் என்றேன்.

ஏன் கொண்டுவரவில்லை என்றார். அதற்கு என்னிடம் இத்தாலியன் இல்லை. என் கணவரிடம் தமிழில் சொன்னேன்.

"பிள்ளைத்தாச்சி எண்டு நினைச்சிட்டனப்பா."

இவர் தலையைக் குனிந்துகொண்டு அந்த வசனத்தை டாக்டருக்கு மொழிபெயர்த்தார்.

"சிஞ்ஞோரா, அப்படி இருந்திருந்தால் எவ்வளவோ நல்லது" என்றார் டாக்டர்.

திங்கட்கிழமை பயிற்சியில் ஒருத்தியின் மட்டை அவள் நெற்றிப்பொட்டில் பட்டதாம். பயிற்சியாளர் வந்து சொன்னார். தெரிந்தால் வடக்கே போகவே விடமாட்டேன் என்று எனக்கு மறைத்திருக்கிறாள். ஸ்கானில் (தலைக்குள் எடுக்கும் படம்) இரத்தக்கட்டு தெரிந்தது. மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில் நாலு நாளாக இரத்தம் மெல்லக் கசிந்து சேர்ந்திருந்தது. அன்றே துளைபோட்டு எடுத்தார்கள்.

பிழைத்தாள். அடிபட்ட பிள்ளை சத்தி எடுத்தால், வெளிச்சம் கூசினால், தூங்கித் தூங்கி விழுந்தால், உடனே கொண்டுபோங்கள். மற்றக் கேள்வி எல்லாம் பிறகு.

மூன்று மாதம் இடது கைக்குப் பயிற்சி கொடுத்தார்கள். இனித் தலையில் ஒரு சின்ன அடியும் படக்கூடாது என்றார்கள். ஹொக்கி முடிந்தது. வரமுடியாது என்று வடக்குக்கு அவளே கடிதம் எழுதினாள்.

அந்த நாலு நாள் அவளுடைய நினைவில் இல்லை. நான் பேசாமல் இருந்திருக்கலாம். கடிதம் போட்ட அன்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"பிறகு? ஆர் அவனெண்டு கண்டுபிடிச்சனீங்களோ?" என்று சிரித்தாள். சிரிப்பு நின்றதும், "ஏனம்மா சொன்னனீங்கள்? எனக்குத் தெரியாமலே போயிருக்குமே" என்றாள்.

முன்பு சந்தைக்குள் அவளுடைய வேகத்துக்கு நான் மூச்சிரைக்க ஓடுவேன். இப்போது சத்தம் கேட்டால் அவளுக்குத் தலை சுற்றும், மெல்லத்தான் நடப்பாள். நான் நாலடி போய் நின்று திரும்பிப் பார்ப்பேன். அவள் வந்து சேரும் அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு மிக நீளம். கிட்ட வந்ததும் கையை நீட்டுவேன். சில நாள் பிடித்துக்கொள்வாள். சில நாள் பிடிக்காமல் தாண்டிப் போவாள்.